வண்டியில் ஏறுவதும் வாசலில் நிற்பதும்

பள்ளிக்கரணை,
ஆவணி மாதம்.

அன்புள்ள தம்பிக்கு,

புதிதாக மிஷின் ரம்பம் வாங்கிவிட்டதாகப் போனில் சொன்னாய். சந்தோஷம். மேடவாக்கத்தில் ஒரே நாளில் மூன்று வீடு முடித்து, நான்கு லோடு கிளை ஏற்றி அனுப்பியதையும் சொன்னாய். அங்கேதான் எனக்குக் கொஞ்சம் நெருடியது. எவ்வளவு வெட்டினாய் என்று சொன்னாயே ஒழிய, எதை விட்டுவிட்டு வந்தாய் என்று சொல்லவில்லை. உன் வயதில் நானும் அப்படித்தான் பேசினேன்.

நம் தொழிலில் ஒரு கோளாறு உண்டு. வண்டியில் ஏறும் கிளையைப் பார்த்துக் கூலி பேசுகிறார்கள். ஆனால் மரம் பிழைப்பதும் வீடு தப்புவதும் வாசலில் நிற்கும் மிச்சத்தால்தான். இந்தக் கடிதம் முழுக்க அந்த மிச்சத்தைப் பற்றியது.

என் தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். 2013-ல் ஜல்லடியன்பேட்டையில் ஒரு வீட்டம்மா, "புயல் வந்தா பயமா இருக்குப்பா, மொட்டை அடிச்சுடு" என்றார். நல்ல திடமான வேம்பு. கேட்ட கூலி கிடைத்ததால் நானும் மறுபேச்சுப் பேசாமல் மேல் கிளை அத்தனையையும் அடித்துத் தள்ளினேன். இரண்டு மழையில் வெட்டுவாயைச் சுற்றிக் கொத்துக்கொத்தாகத் துளிர்த்தது. அந்த அம்மாவுக்கும் மகிழ்ச்சி, எனக்கும் மகிழ்ச்சி. அந்தத் துளிர்கள் பட்டைக்கு அடியில் மேலோட்டமாகப் பிடித்துக்கொண்டு நின்றன என்பதும், நடுவில் வெட்டுவாய் மக்கிக்கொண்டே வந்தது என்பதும் அன்றைக்கு எனக்குத் தெரியாது. 2016 டிசம்பர் 12, வர்தா புயல். துளிர்த்துக் கனத்த கிளைகளில் மூன்று ஒட்டுவிட்டுப் பிய்த்துக்கொண்டு வந்து கார் ஷெட்டின் மேல் விழுந்தன. எந்தப் புயலுக்குப் பயந்து வெட்டச் சொன்னார்களோ, அந்தப் புயலில் விழுவதற்கான கிளையை நானே வளர்த்துக் கொடுத்திருந்தேன்.

வர்தா அன்று நடந்ததை நீ நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். காலையிலிருந்து வடக்கேயிருந்து அடித்த காற்று, புயலின் கண் ஊரைக் கடந்தபோது திடீரென்று அடங்கியது. முடிந்துவிட்டது என்று ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். அப்புறம் தெற்கேயிருந்து பிடித்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேல். முதல் காற்றில் ஆட்டம் கண்டு வேர் தளர்ந்த மரங்களை எதிர்க்காற்று சாய்த்தது. வண்டலூர் உயிரியல் பூங்காவில் மட்டும் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பூவுக்காகவும் சீக்கிரம் நிழல் தரும் என்பதற்காகவும் தெருத்தெருவாக வைத்த மயில்கொன்றையும் தூங்குமூஞ்சியும் அதிகம் விழுந்தன. பூவரசு, புங்கம், புன்னை போன்ற நம் கரையோர மரங்கள் ஓரளவு தாக்குப்பிடித்தன. ஆனால் வேரை வெட்டி வைத்திருந்தால் எந்த ஜாதி மரமும் விழும்.

அதனால்தான் சொல்கிறேன், மேலே பார்க்கும் முன் கீழே பார். நம் ஊர் மண் சாதாரண மண் இல்லை. சதுப்பு நிலத்தின் ஓரம், களிமண், கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். தண்ணீர் நிற்கும் ஆழத்துக்கு வேர் இறங்காது, பக்கவாட்டில் தட்டு மாதிரி விரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் மழைத் தண்ணீர் இங்கே நாள்கணக்கில் தேங்கி நின்றது உனக்கே தெரியும். அப்படி ஊறிய களியில் மரம் சாயப் பெரிய காற்றே வேண்டாம்.

இன்னொரு விஷயம் இந்தப் பக்கத்துக்கே உரியது. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் வீட்டுக்காரர்கள் வாசலை உயர்த்துகிறார்கள். இடித்த கட்டடக் கழிவைக் கொட்டி, அடிமரத்தையும் சேர்த்து இரண்டு அடி மூடி, மேலே டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள். மண்ணுக்குள் போன பட்டை அழுகும். வேருக்கு மூச்சு முட்டும். மரம் தரையிலிருந்து தூண் மாதிரி நேராக எழுந்து நின்றால் சந்தேகப்படு; அடி அகன்று, வேர் பிரியும் இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அடியில் காளான் முளைத்திருக்கிறதா, ஒரு பக்கம் மண் வெடித்திருக்கிறதா, மழைநீர் வடிகாலுக்கோ கழிவுநீர்க் குழாய்க்கோ பள்ளம் தோண்டி வேரை அறுத்திருக்கிறார்களா என்று பார். அரிவாளின் பின்பக்கத்தால் தட்டி, உள்ளே பொக்கையாக ஒலிக்கிறதா என்று கேள். 2022 ஜூனில் கே.கே.நகரில் சாலையோர மரம் காரின் மேல் விழுந்து ஒரு பெண் இறந்தார். வடிகால் பள்ளமே காரணம் என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள், மாநகராட்சி மறுத்தது. அந்த வழக்கு நமக்கு வேண்டாம். பாடம் வேண்டும்.

இனி வெட்டு. கனமான கிளையை மேலிருந்து ஒரே அறுப்பாக அறுக்காதே. பாதி அறுபடும்போதே கிளை தன் கனத்தில் தொங்கி, அடிமரத்துப் பட்டையைக் கோவணம் கிழிகிற மாதிரி கிழித்துக்கொண்டு இறங்கும். அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, முதலில் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறு. அதற்குச் சற்று வெளியே, மேலிருந்து இரண்டாவது அறுப்பு. கிளை போய்விடும். மிஞ்சிய முண்டைக் கடைசியாக எடு. அடியில் சன்ஷேடு, தண்ணீர் டேங்க், பக்கத்து வீட்டு ஷீட் எது இருந்தாலும் கிளையைக் கயிற்றில் கட்டி இறக்கு.

அந்தக் கடைசி அறுப்பில்தான் தொழிலே இருக்கிறது. கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் கழுத்து மாதிரி ஒரு புடைப்பு இருக்கும். அதைத் தொடாமல், அதற்கு வெளியே அறுக்க வேண்டும். சுவரோடு சுவராக வழித்து எடுத்தால் பார்க்கச் சுத்தமாக இருக்கும், மரத்துக்குச் சாவு. நீட்டி முண்டாக விட்டால் அது மக்கி உள்ளே இறங்கும். அமெரிக்க வனத்துறையில் அலெக்ஸ் ஷைகோ என்று ஒருவர் இருந்தார், 2006-ல் இறந்தார். மிஷின் ரம்பத்தால் ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்குவாட்டில் பிளந்து, உள்ளே அழுகல் எப்படிப் போகிறது என்று பார்த்தவர். அவர் கண்டது இதுதான்: நம் தோலைப் போல மரம் காயத்தை ஆற்றிக்கொள்வதில்லை. அழுகலைச் சுற்றி உள்ளேயே சுவர் எழுப்பி, அதை அடைத்துவிட்டுப் புதுக்கட்டையை வெளியே வளர்க்கிறது. அந்தச் சுவரில் உறுதியானது கழுத்தில்தான் எழும்புகிறது. கழுத்தை வெட்டினால் கதவைக் கழற்றி வைத்த மாதிரி. வெட்டுவாயில் தார் பூசினால் அழுகல் நிற்காது என்பதையும் அவர்தான் காட்டினார். "தார் பூசலையா?" என்று வீட்டுக்காரர் கேட்டால், வேண்டாம் என்று காரணத்தோடு சொல்.

ஒரு தடவையில் கால் பங்குக்கு மேல் இலையை எடுக்காதே. காய்ந்தது, உளுத்தது, ஒன்றோடொன்று உரசுவது, சுவரிலும் கூரையிலும் இடிப்பது, இவைதான் முதலில். காற்று ஊடுருவிப் போக வழிவிட்டால் போதும். உள்கிளைகளை எல்லாம் வழித்துவிட்டு நுனியில் மட்டும் விளக்குமாறு மாதிரி இலையை விட்டால், காற்று நுனியைப் பிடித்து நடுவில் ஒடிக்கும். முருங்கை மட்டும் விதிவிலக்கு: மளுக்கென்று ஒடியும் மரம், வெட்ட வெட்டத் துளிர்க்கும். அதைக் காய்ப்பு முடிந்ததும் குட்டையாகவே வைத்துக்கொள்ளலாம்.

தென்னையைத் தனியாகச் சொல்ல வேண்டும். தென்னைக்கு வருஷ வளையம் கிடையாது. அதன் தண்டில் பட்ட காயத்தை மூடப் புதுக்கட்டை வளராது. ஏறுவதற்கு வசதியாக அரிவாளால் போடும் கொத்து மரம் இருக்கும்வரை அப்படியே இருக்கும். புதுக்காயத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும். "பச்சை மட்டையையும் சேர்த்துச் சுத்தமா எடுத்துடுங்க, கார் நிக்கிற இடம்" என்பார்கள். ஒவ்வொரு மட்டையின் கக்கத்திலும் ஒரு பாளை இருக்கிறது; பச்சை மட்டையை எடுத்தால் ஒரு குலை போகும், கொண்டையும் இளைக்கும். கடிகாரத்தில் ஒன்பதேகால் காட்டும்போது முள்கள் நிற்கும் கோட்டை மனதில் வை. அதற்குக் கீழே தொங்கும் காய்ந்த மட்டை, பன்னாடை, முற்றிய காய், இவற்றை இறக்கு. மேலே இருப்பது மரத்தின் சொத்து.

மின்கம்பி விஷயத்தில் தைரியம் காட்டாதே. நம் தெருக்களில் கம்பிகள் இன்னும் நிறைய மேலேதான் ஓடுகின்றன. பச்சைக் கிளையில் கரண்ட் பாயும், ஈர மூங்கிலில் பாயும். அலுமினியத் துறட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்திய பிறகே ஏறு. "கேபிள் டிவி கம்பிதான் அண்ணே" என்று கீழேயிருந்து ஒருவன் சொன்னதை நம்பிய என் கூட்டாளிக்கு வலது கையில் இரண்டு விரல் இல்லை.

சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள். 2011-ல் பள்ளிக்கரணைப் பேரூராட்சி சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. இன்றைக்கு நாம் பெருங்குடி மண்டலம். காம்பவுண்டுக்கு வெளியே நிற்கும் மரம், வீட்டுக்காரர் தண்ணீர் ஊற்றி வளர்த்ததாகவே இருந்தாலும், பொது மரம். அதில் கை வைக்குமுன் மாநகராட்சியைக் கேட்க வேண்டும். பொது இடத்து மரத்தை அடியோடு எடுப்பதென்றால் ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழு வரை போகும். "நான் பார்த்துக்கறேன், நீங்க வெட்டுங்க" என்று சொல்கிறவர், கேள்வி வரும்போது வீட்டுக்குள் போய்விடுவார். ரம்பத்தோடு நிற்பவன் நீதான்.

நம் கடற்கரைக்குத் தோதான காலம் ஆடிக் காற்று ஓய்ந்த பிறகு, ஐப்பசி மழை பிடிக்கும் முன். மாமரத்தைக் காய்ப்பு முடிந்த கையோடு கவாத்து செய். சித்திரை, வைகாசியில் ஏறினால் காக்கைக் கூடு இருக்கிறதா பார். இருந்தால் குஞ்சு பறந்த பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வா. பறவைகளுக்குப் பேர்போய், 2022-ல் ராம்சார் என்னும் உலகச் சதுப்பு நிலப் பட்டியலில் ஏறிய பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் வாசலில் இருக்கிறோம். ஒரு காக்கைக்கு இடம் கொடுக்காவிட்டால் எப்படி?

கடைசியாகக் கூலி. லோடுக்கு இவ்வளவு என்று பேசாதே. மரத்துக்கு இவ்வளவு என்று பேசு, அப்போதுதான் குறைவாக வெட்ட உனக்கே மனம் வரும். மொட்டை அடிக்கச் சொன்னால் என் ஜல்லடியன்பேட்டைக் கதையைச் சொல். கேட்காவிட்டால் அந்த வேலையை விட்டுவிடு.

கார்த்திகை முடிந்ததும், இந்த வருஷம் நீ கை வைத்த வீடுகளுக்கு ஒரு சுற்றுப் போய்வா. ஒன்றும் கேட்காமல், தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு வா. அப்புறம் எனக்குப் போன் செய். எத்தனை லோடு என்று கேட்கமாட்டேன்.

அன்புடன்,
உன் அண்ணன்.