சூரைச்செடியின் கீழ் ஒரு பாத்திரம் தண்ணீர்

வேத வாசிப்பு: 1 இராஜாக்கள் 18:41 முதல் 19:8 வரை



எலியா என்றதும் கர்மேல் பர்வதத்தில் இறங்கின அக்கினியே நம் நினைவுக்கு வருகிறது. அவர் ஓடினவர் என்பதை மறந்துவிடுகிறோம். ஆகாபின் இரதத்துக்கு முன்பாக யெஸ்ரயேல் மட்டும் ஓடினார். பிறகு யேசபேலுக்குத் தப்பி பெயெர்செபாவுக்குப் போய், வனாந்தரத்தில் இன்னும் ஒருநாள் நடந்து, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்தார். அங்கே அவர் கேட்டது தண்ணீரல்ல, சாவு. தூதன் வந்து கடிந்துகொள்ளவுமில்லை, பிரசங்கம் பண்ணவுமில்லை. தட்டி எழுப்பினான், சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. குடித்துவிட்டுத் திரும்பப் படுத்தவரை இரண்டாந்தரமும் எழுப்பினான். இந்த இரண்டாந்தரத்தின் அருமையை நாங்கள் கடந்த கோடையில்தான் கற்றுக்கொண்டோம்.

எங்கள் ஏற்காடு மலையிலுள்ள வாலிபர் சிலரைக் கோடை விடுமுறையில் சேலத்துக்கு விளையாட அழைத்துப் போனோம். காலையில் உபவாச ஜெபம், பிற்பகலில் பிக்கிள்பால். இந்த ஒழுங்கைப் போட்டவர்கள் நாங்களே. (ஊறுகாய்க்கும் இந்த விளையாட்டுக்கும் சம்பந்தமில்லை. 1965-ல் அமெரிக்காவில் தொடங்கியது. இறகுப்பந்து மைதான அளவான 20-க்கு 44 அடிக் களத்தில், ஓட்டைகளுள்ள பிளாஸ்டிக் பந்தை மட்டையால் அடித்து ஆடுவது.) மூன்றாவது ஆட்டத்தில் ஒரு தம்பி முகம் வெளுத்து, தலை சுற்றி உட்கார்ந்துவிட்டான். உபவாசத்தின் சோர்வு என்று எண்ணி, அவன் தலையில் கைவைத்து ஜெபிக்கத் தொடங்கினோம். எங்களோடு வந்திருந்த நர்ஸ் சிஸ்டர், "ஐயா, ஜெபம் பண்ணிக்கொண்டே தூக்குங்கள், முதலில் நிழல்" என்றார்கள். படுக்கவைத்து, கால்களை உயர்த்தி, ஈரத்துணியால் துடைத்து, உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரை மடக்கு மடக்காகக் கொடுத்தார்கள். அரைமணி நேரத்தில் பையன், "ஐயா, மேட்ச் முடிஞ்சுதா?" என்று கேட்டான். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் தாகமாயிருக்கிறது என்று அவன் ஒருதரமும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

மலையில் வாழ்கிறவர்களுக்கு இதில் தனி ஆபத்து உண்டு. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே வியர்வை காற்றில் உடனே உலர்ந்துவிடுவதால், இழந்தது எவ்வளவு என்று தெரிவதில்லை. இருபது கொண்டை ஊசி வளைவுகளை இறங்கினால் சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் 38, 40 டிகிரி. நம் சரீரம் அந்த வெயிலுக்குப் பழக ஒன்று, இரண்டு வாரம் பிடிக்கும். பழகாத சரீரத்தில் வியர்வை தாமதித்தே வருகிறது. வரும்போது உப்பையும் அதிகமாய்க் கொண்டுபோகிறது.

பலசாலிக்கும் இதில் விலக்கில்லை. 1986 செப்டம்பரில் சென்னை சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலிய வீரர் டீன் ஜோன்ஸ் எட்டு மணி நேரத்துக்கு மேல் நின்று 210 ஓட்டங்கள் எடுத்தார். களத்திலேயே வாந்தி எடுத்தார், தசைகள் பிடித்துக்கொண்டன; ஆட்டமிழந்தபின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் சலைன் ஏற்ற வேண்டியதாயிற்று. அந்தப் போட்டி சமநிலையில் முடிந்ததை எல்லாரும் பேசுவார்கள். எங்களுக்கோ அந்த சலைன் பாட்டில்தான் நினைவுக்கு வருகிறது.

தாகம் பிந்தி வருகிற சாட்சி. 60 கிலோ எடையுள்ளவர் ஏறக்குறைய ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமாக இழந்தாலே ஆட்டம் தளர்ந்துவிடும். வெயிலில் கடினமாய் ஆடுகிறவர் ஒரு மணி நேரத்தில் அவ்வளவு வியர்க்கக்கூடும். வயது ஏற ஏற தாக உணர்வு இன்னும் மங்கும். நம் சபைகளில் அறுபது கடந்த பலர் இந்த விளையாட்டை விரும்புகிறார்கள், சந்தோஷமே. அவர்களில் இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும், இருதயம், சிறுநீரக நோயுள்ளவர்களும் எவ்வளவு குடிக்கலாம் என்று தங்கள் டாக்டரிடம் கேட்டே ஆடவேண்டும்.

மற்றவர்களுக்கு எங்கள் சிஸ்டர் சொல்லும் ஒழுங்கு இது. ஆடுவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன் இரண்டு டம்ளர். ஆடும்போது கால்மணி, இருபது நிமிஷத்துக்கு ஒருதரம் முக்கால் டம்ளர், கேட்காவிட்டாலும். சிறுநீர் அடர்ந்த மஞ்சளாயிருந்தால் குடித்தது போதவில்லை. உப்புப் போட்ட நீர்மோர், கஞ்சித் தண்ணீர், எலுமிச்சை ரசம் எல்லாம் நல்லவை. இளநீரும் நல்லதுதான், ஆனால் அதில் உப்புக் குறைவு. மலைக்காரரின் காப்பியை நாங்கள் விலக்கவில்லை. அளவோடு குடித்தால் அதுவும் தண்ணீர்க் கணக்கில் சேரும். அதேசமயம் உப்பில்லாத வெறுந்தண்ணீரையே மணிக்கணக்காய் லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்து. இரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்பு வரலாம்.

ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கையில் இருந்தால் முழுவதையும் அதில் குறித்துள்ள அளவு தண்ணீரில் கரைக்கவேண்டும். கிள்ளிக் கிள்ளிப் போடக்கூடாது. இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, கரண்டி தலைதட்டியிருக்கட்டும். சர்க்கரை குடலுக்குள் உப்பைக் கூடவே அழைத்துச் செல்கிறது, தண்ணீர் அவைகளைப் பின்தொடர்கிறது. 1971-ல் பங்களாதேஷ் அகதிகள் நடுவே, வங்காளத்து போன்காவ் முகாமில் டாக்டர் திலீப் மகலாநபிஸ் காலரா நோயாளிகளுக்கு இந்தக் கரைசலையே குடிக்கக் கொடுத்தபோது, 30 சதவீதத்தளவில் இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. காசு அதிகம் வேண்டாத வைத்தியம்!

ஒருவர் உளறினாலோ, நினைவு தடுமாறினாலோ அது சூட்டு மயக்கம் அல்ல, உயிருக்கு ஆபத்தான வெப்பத் தாக்கு. வாயில் தண்ணீர் ஊற்றாதிருங்கள். 108-க்குச் சொல்லிவிட்டு, வண்டி வருமட்டும் நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள்.

இப்பொழுது எங்கள் வாலிபர் விளையாடும் இடத்தில் மண்பானை ஒன்று இருக்கிறது. உபவாச நாளில் விளையாட்டு இல்லை. கால்மணிக்கு ஒருதரம் மணி அடிக்கிற வேலை அன்று மயங்கின அந்தத் தம்பிக்கு. நாங்கள் வேண்டாம் என்றாலும் டம்ளரை நீட்டிக்கொண்டே நிற்கிறான்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
ஆஸ்பத்திரி போதகர்