பழைய பதிப்புக்கு விடை கொடுப்பது எப்போது?

கேள்வி: நான் பொதுப் பயன்பாட்டுக்கு வெளியிட்டுப் பராமரித்துவரும் பைத்தான் நிரல் தொகுப்பில் 3.8-ஆம் பதிப்புக்கான ஆதரவை நிறுத்திவிடலாமா? அதை நம்பியிருப்போருக்குத் துரோகம் ஆகாதா?

தாராளமாக நிறுத்தலாம்; துரோகம் ஏதுமில்லை. பைத்தானின் ஒவ்வொரு பதிப்புக்கும் அது வெளிவந்ததிலிருந்து ஐந்தாண்டுக் காலமே பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் என்பது அம்மொழியை ஆக்கியோரே வகுத்துக்கொண்ட நியதியாகையால், 2019 அக்டோபரில் பிறந்து 2024 அக்டோபரில் ஆயுள் முடிந்த 3.8-ஐ, அதன் கர்த்தாக்களே கைவிட்ட பின்னரும் சுமந்து நிற்கவேண்டிய கடமை, ஊதியம் கருதாது உழைக்கும் தங்களுக்கு லவலேசமும் கிடையாது. விஞ்ஞானக் கணக்கீட்டுக்கு ஆதாரமான நம்பை என்னும் தொகுப்பும், கடந்த 42 மாதங்களுக்குள் வெளிவந்த பைத்தான் பதிப்புகளை ஆதரித்தாலே போதுமென்று 2019-இலேயே ஒரு நெறியை முன்வைத்தது.

தங்கள் கரிசனம் செல்லவேண்டிய இடம் வேறு. தொகுப்பின் விவரக் கோப்பில், இயங்குவதற்குத் தேவையான குறைந்தபட்சப் பைத்தான் பதிப்பு எதுவென்று பிழையின்றிக் குறித்துவிடுவீர்களாயின், பழைய பதிப்பை வைத்திருப்பவர் நிறுவ முற்படும்போது, தொகுப்புகளை நிறுவும் பிப் கருவி தானாகவே அவருக்குப் பொருந்தக்கூடிய கடைசி வெளியீட்டைத் தேர்ந்து கொடுக்கும். அவருடைய வேலை ஒரு நாளும் தடைப்படாது. இந்த ஒரு வரியை மறந்தவர்களால் விளைந்த சங்கடங்களே அதிகம். மாற்றத்தைச் சிறு திருத்த வெளியீட்டில் நுழைக்காமல், முன்கூட்டியே அறிவித்து, அடுத்த பெரிய வெளியீட்டில் செய்யுங்கள்.