பட்டு நூலும் கிணற்று ஜலமும்

அங்கத்தினர்களே! தறியிலிருந்து இறங்கிய சேலை சங்கத்துக்கு வருகிறது. உடலில் சாயம் திட்டுத் திட்டாக வெளுத்திருக்கிறது. நெசவாளர் சாயக்காரரைக் குறை கூறுகிறார். சாயக்காரர் நூலைக் குறை கூறுகிறார். முடிவில் நெசவாளரின் கூலியில் பிடித்தம் விழுகிறது. இத்தகைய குற்றம் பல சமயங்களில் தறியிலும் இல்லை, சாயத்திலும் இல்லை, ஜலத்தில் இருக்கிறது.

காரணம்

கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு பசையாகும். சோப்புக் கரைத்த வெந்நீரில் அவித்து அதை நீக்கிய பின்னரே நூலுக்கு மென்மையும் பளபளப்பும் உண்டாகும். சாயமும் சீராய்ப் பிடிக்கும். சுண்ணாம்புச் சத்தும் மக்னீஷியச் சத்தும் மிகுந்த ஜலத்தைக் கடின ஜலம் என்பர். அதில் இட்ட சோப்பு முதலில் அச்சத்துக்களோடு சேர்ந்து கரையாத பிசுக்காகத் திரளும். பிசுக்கு ஒட்டிய இடத்தில் சாயம் சரியாக ஏறாது.

பாலாற்று ஜலமே காஞ்சிப் பட்டின் பளபளப்புக்குக் காரணம் என்பது நம்மூர்ப் பேச்சு. ஆயினும் பிள்ளையார்பாளையத்திலாயினும் வேறெங்காயினும் கிணற்றுக்குக் கிணறு ஜலம் மாறும் என்பதை மறவாதீர்கள்.

பரீட்சை

இரண்டு சீசாக்களில் ஒன்றில் மழை ஜலமும் மற்றதில் கிணற்று ஜலமும் சம அளவாக ஊற்றி, சமமான சோப்புத் துகள் இட்டுக் குலுக்குக. மழை ஜலத்தில் நுரை எழுந்து நிற்கும். மற்றதில் நுரை நில்லாமல் வெண்மையாகத் திரியுமாயின் அது கடின ஜலமே. சரியான அளவை அறியச் சங்கம் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்துக்கு மாதிரி அனுப்பலாம்.

கணக்கு

ஒரு கிலோ பட்டை அவிக்கச் சுமார் 30 லிட்டர் ஜலமும் 200 முதல் 250 கிராம் வரை சோப்பும் கொள்வது வழக்கம். கடினம் லிட்டருக்கு 300 மில்லிகிராம் எனில், 30 லிட்டரில் 9 கிராம் ஆகிறது. அதன் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 6 கிராம் சோப்பைக் கெடுக்கும். ஆகவே 54 கிராம், அதாவது நாலில் ஒரு பங்கு சோப்பு, பசையைத் தொடுமுன்பே வீணாகிறது. அதே ஜலத்தை 45 லிட்டராக ஊற்றினால் 81 கிராம் வீணாகும். நன்றாய் அவியட்டும் என்று ஜலத்தைப் பெருக்குவது நஷ்டத்தைப் பெருக்குவதேயாம். மிகக் குறைத்தாலோ, கழிகள் நெருங்கிக் கிடந்து பசை ஓரிடம் நீங்கி ஓரிடம் தங்கிவிடும்.

பரிகாரம்

சேமித்த மழை ஜலம் உத்தமம். அஃதில்லையேல் ஒவ்வொரு கிராம் கடினத்துக்கும் சுமார் 3 கிராம் படிகச் சலவைச் சோடாவை ஜலத்தில் கரைத்துச் சூடாக்குக. மேற்கண்ட 30 லிட்டருக்கு 27 கிராம் போதும். வண்டல் படிந்தபின் தெளிவை மட்டும் இறுத்து, அதன் பிறகே சோப்பைக் கரைக்கவேண்டும். முறையை மாற்றி முதலில் சோப்பை இட்டால் பயனில்லை. சோடாவை அளவுக்கு மேல் இடுதலும் கூடாது. காரம் மிகுந்தால் பட்டு நலியும். அவித்த கழிகளை உடனே கடின ஜலத்தில் அலசாதீர்கள். நூலில் தங்கிய சோப்பு அங்கேயே பிசுக்காகும். முதல் அலசல் இவ்வாறு திருத்திய வெதுவெதுப்பான ஜலத்திலேயே நடைபெறவேண்டும்.

முடிவு

தனி நெசவாளர் ஒருவரால் மழை ஜலத் தொட்டி கட்டுதல் அரிது, சங்கத்தால் இயலும். இந்தியாவில் கூட்டுறவுச் சட்டம் பிறந்த 1904-ஆம் வருஷத்திலேயே நகரக் கடன் சங்கம் கண்ட ஊர் காஞ்சிபுரம். இனிக் கூலியில் பிடித்தம் செய்யுமுன் கிணற்றைப் பரீட்சிப்பது என்று அடுத்த பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் நிறைவேற்றுவீர்களாக.