கதிரையில் இருந்த நேரமும் வேலை செய்த நேரமும்

எங்கள் வீட்டு முன்னறையின் மூலையில் ராத்தாவின் மேசை இருக்கிறது. காலை எட்டு மணிக்குக் கொம்பியூட்டரைப் போட்டால் பின்னேரம் ஐந்து மணிக்குத்தான் அணைப்பார். புத்தக அட்டை, விளம்பரத் தாள், கடைகளுக்கான இலச்சினை என்று வெளிநாட்டவர்களுக்கு வடிவமைத்துக் கொடுப்பது அவருடைய தொழில். ஒரு நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் சேராமல், வேலைக்கு வேலை கூலி பேசிச் செய்யும் இதனை பிரீலான்ஸ் வேலை என்கிறார்கள். 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த ஒரு டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியபோது, நம் ஊர்களில் பல பிள்ளைகள் இந்தப் பக்கம் திரும்பினார்கள். ராத்தாவும் அந்த வருடத்தில்தான் தொடங்கினார்.

வீட்டில் அது வேலையாகக் கணிக்கப்படவில்லை என்பதே உண்மை. "நாள் பூரா கொம்பியூட்டருக்கு முன்னால குந்திக்கிட்டு இருக்கிற, கூப்பிட்டா ஒரு எட்டு வர ஏலாதா?" என்று உம்மா கேட்பார். ராத்தா எழுந்து போவார். கேற்றடியில் யாராவது வந்தால் போவார், மாமியின் தொலைபேசி அழைப்பு வந்தால் போவார், எனக்கு ஒரு கணக்கு விளங்காவிட்டாலும் ராத்தாதான். இரவில் மட்டும், "இன்டைக்கும் ஒண்டும் முடியல்ல" என்பார்.

அந்த ஒன்பது மணித்தியாலங்களும் எங்கே போயின என்பதைக் கண்டுபிடிக்கத்தான் அவர் தன்னியக்கமாக நேரத்தைப் பதியும் மென்பொருள் ஒன்றைப் போட்டார். நான் உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிப்பதால் அதனை நிறுவிக் கொடுத்தது நான். படித்து முடித்து வீட்டிலிருந்தே உழைக்க எண்ணும் தோழிகளுக்கும், அவர்களை வீட்டில் வைத்திருக்கும் பெற்றோருக்கும் பயன்படும் என்று அதில் கற்றதை இங்கே எழுதுகிறேன்.

நேரத்தைக் குறித்துக்கொள்ளும் மென்பொருள்கள் இரண்டு விதம். முதலாவது, நாமே பொத்தானை அழுத்தித் தொடங்கி, நாமே நிறுத்துவது. எஸ்தோனியாவில் 2006இல் தொடங்கிய டொகிள் இப்படித்தான் பெயர் பெற்றது. இதிலுள்ள சிக்கல், மறதி. வேலை மும்முரத்தில் தொடங்க மறப்போம், எழுந்து போகும்போது நிறுத்த மறப்போம். இரண்டாவது விதம் நம்மிடம் ஒன்றும் கேட்பதில்லை. கணினி இயங்கியதும் தானும் பின்னணியில் இயங்கும். ரெஸ்கியூடைம், மனிக்டைம், அக்டிவிட்டி வொட்ச் என்பன இந்த வகை.

இவை வேலை செய்யும் முறை நாம் நினைப்பதை விட எளியது. முன்னால் திறந்திருக்கும் சாளரம் எந்தச் செயலியுடையது, அதன் தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது, விசைப்பலகையும் மவுஸும் கடைசியாக எப்போது அசைந்தன என்ற மூன்றையும் இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கும். நாங்கள் போட்ட அக்டிவிட்டி வொட்சில் மூன்று நிமிடம் எதுவும் அசையாவிட்டால் "ஆள் இல்லை" என்று எழுதிவிடும். அந்த மூன்று நிமிட எல்லையை நாம் மாற்றிக்கொள்ளலாம். மற்றதெல்லாம் கூட்டல் கணக்குத்தான்.

சாளரத்தின் தலைப்பு என்றேனே, அதில் ஒரு நல்ல வசதி இருக்கிறது. நாம் திறக்கும் கோப்பின் பெயர் பெரும்பாலும் அந்தத் தலைப்பில் வரும். ஆகவே "புதியது 1", "புதியது 2" என்று கோப்புகளுக்குப் பெயர் வைக்காமல் வாடிக்கையாளரின் பெயரை முதலில் வைத்தால், அந்தச் சொல் தலைப்பில் வரும் நேரத்தையெல்லாம் ஒரே வகையில் சேர்த்துவிடு என்று மென்பொருளுக்கு ஒரு விதியைச் சொல்லிக் கொடுக்கலாம். ராத்தா முதல் வாரம் இதைச் செய்யவில்லை. ஆறு மணித்தியாலங்கள் "வகைப்படுத்தாதது" என்று கிடந்தன.

முதல் நாளின் கணக்கு வந்தபோது ராத்தாவின் முகம் மாறிவிட்டது. எட்டு மணி முதல் ஐந்து மணி வரை கதிரையில் இருந்தவருக்கு அது காட்டிய வேலை நேரம் 3 மணித்தியாலமும் 52 நிமிடங்களும். "பிழையாக் காட்டுது" என்றார். இருவரும் உட்கார்ந்து இடைவெளிகளைப் பார்த்தோம். பதினான்கு தடவை எழுந்திருக்கிறார். லுஹர் தொழுகையும் பகல் சாப்பாடும் சேர்ந்த 1 மணி 10 நிமிடத்தை விட்டால், மற்றவற்றில் ஒன்பது இடைவெளிகள் பத்து நிமிடத்துக்கும் குறைந்தவை. பாண்காரர், காஸ் சிலிண்டர், பக்கத்து வீட்டுப் பிள்ளை, இரண்டு தடவை நான்.

இடைவெளிகளை விடப் பெரிய நட்டம் அவற்றுக்குப் பின்னால் இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்ததும் ராத்தா வடிவமைப்புக் கோப்புக்கு நேரே போகவில்லை. முதலில் வட்ஸ்அப், பிறகு மின்னஞ்சல், அதன் பிறகுதான் கோப்பு. ஐந்து நிமிட அழைப்பு ஒன்று பதினைந்து, இருபது நிமிடத்தைத் தின்றிருந்தது. கணினியின் மையச் செயலி ஒரு பணியிலிருந்து இன்னொரு பணிக்குத் தாவும்போது, விட்ட இடத்தைச் சேமித்து, பிறகு அதை மீண்டும் ஏற்ற வேண்டியிருப்பதாக வகுப்பில் படிக்கிறோம். அந்தத் தாவலுக்கும் நேரம் செலவாகும். பரீட்சைக்காக மனனம் செய்த அந்தப் பாடம் எனக்கு விளங்கியது ராத்தாவின் அந்த வரைபடத்தில்தான்.

உம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினோம். குற்றம் சொல்வது போல் ஆகிவிடுமோ என்று எனக்குப் பயம். உம்மா திரையை நன்றாகப் பார்த்துவிட்டு, "இந்தச் செவப்பெல்லாம் நான் கூப்பிட்டதா?" என்று கேட்டார். எல்லாம் இல்லை என்றார் ராத்தா. அடுத்த நாளிலிருந்து ஒன்பது மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடையில் ராத்தாவை யாரும் கூப்பிடுவதில்லை என்று தீர்மானமாயிற்று. கேற்றடிக்கு வந்தவரிடம் "மகள் வேலைல இருக்கா" என்று உம்மா சொன்னதை முதன்முதலாக அப்போதுதான் கேட்டேன். அந்த மூன்று மணித்தியாலங்களில் மட்டும் சராசரியாக 2 மணி 35 நிமிட வேலை பதிவாகத் தொடங்கியது.

இடையில் ஒரு நாள் ராத்தாவின் கணக்கில் 1 மணி 20 நிமிடம் யூடியூப் என்று வந்தது. அது நான். கொம்பியூட்டரைப் பலர் பாவிக்கும் வீட்டில், விண்டோஸில் ஆளுக்கு ஒரு பயனர் கணக்கு வைத்துக்கொள்ளாவிட்டால் பதிவு முழுவதும் கெட்டுவிடும். இதைப் பிறகுதான் செய்தோம், முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

இனி கூலியின் கணக்குக்கு வருகிறேன். பிரீலான்ஸ் வேலை மணித்தியாலக் கூலிக்கும் நடக்கும், முழு வேலைக்கும் ஒரே தொகை பேசியும் நடக்கும். ஒரே தொகை பேசும்போது எத்தனை மணித்தியாலம் சென்றது என்று யாரும் கேட்பதில்லை. அதனால் பலர் நேரத்தைக் குறிப்பதே இல்லை. என்னைக் கேட்டால், குறிக்க வேண்டியது அந்த இடத்தில்தான்.

அவுஸ்திரேலிய வாடிக்கையாளர் ஒருவருக்கு ராத்தா 60 டொலருக்கு ஒரு சிறு நூலை வடிவமைக்க ஒப்புக்கொண்டிருந்தார். பத்து மணித்தியாலத்தில் முடியும், மணிக்கு 6 டொலர் என்பது அவரது மனக்கணக்கு. முடிந்த பிறகு பதிவைப் பார்த்தோம். வடிவமைப்பில் 10 மணி 20 நிமிடம், மின்னஞ்சலிலும் அரட்டையிலும் 3 மணி 40 நிமிடம், படங்களும் எழுத்துருக்களும் தேடியதில் 2 மணி 30 நிமிடம், கோப்புகளை மாற்றி அனுப்பியதில் 1 மணி 30 நிமிடம். மொத்தம் 18 மணித்தியாலங்கள். அறுபதைப் பதினெட்டால் வகுத்தால் மணிக்கு 3 டொலரும் 33 சதமும். தளத்தின் தரகு, மின்கட்டணம், இணையக் கட்டணம் எல்லாம் இதற்குள்ளிருந்துதான் கழிய வேண்டும். அந்த 10 மணி 20 நிமிடத்திலும் 4 மணி 10 நிமிடம், "சின்ன மாற்றம்தான்" என்று அவர் கேட்ட பிறகு சென்றவை.

மனக்கணக்கில் ராத்தா எண்ணியது வடிவமைக்கும் நேரத்தை மட்டும்தான். பேசுவதும் தேடுவதும் அனுப்புவதும் அவர் கண்ணில் வேலையாகப் படவில்லை. வீட்டார் ராத்தாவின் வேலையை எப்படிப் பார்த்தார்களோ, அப்படியே ராத்தாவும் தன் வேலையில் பாதியைப் பார்த்திருக்கிறார். அடுத்து வந்த ஒருவரிடம், இரண்டு தடவை திருத்தம் செய்து தருவேன், அதற்கு மேல் தனிக் கூலி என்று எழுதி 110 டொலர் கேட்டார். அவர் போய்விட்டார். ராத்தா இரண்டு நாள் யாருடனும் சரியாகப் பேசவில்லை. அதற்கடுத்தவர் 100 டொலருக்குச் சம்மதித்தார்.

மணித்தியாலக் கூலியில் நிலைமை வேறு. அங்கே நேரத்தைப் பதியும் மென்பொருளைத் தருவது பெரும்பாலும் வேலை தரும் தரப்பு. அப்வேர்க் என்ற பெரிய தளத்தின் மென்பொருள், பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை, நாம் எதிர்பாராத கணத்தில் திரையை ஸ்கிரீன்சொட் எடுக்கும். எத்தனை விசை தட்டினோம், எத்தனை தடவை மவுஸை அழுத்தினோம் என்பதையும் எண்ணும். வாடிக்கையாளர் அதனைப் பார்க்கலாம். இப்படிப் பதிந்த நேரத்துக்குக் கூலிப் பாதுகாப்பு உண்டு, நாமாகக் கையால் எழுதிச் சேர்க்கும் நேரத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. வேண்டாத ஸ்கிரீன்சொட்டை அழிக்கலாம், ஆனால் அந்தப் பத்து நிமிடக் கூலியும் அதோடு போகும். அதன் வாரம் உலக நேரப்படி ஞாயிறு நள்ளிரவில் முடிகிறது. நமக்கு அது திங்கள் அதிகாலை 5.30.

ராத்தாவின் வேறொரு வாடிக்கையாளரும் இப்படியொரு மென்பொருளைப் போடச் சொன்னார். மூன்றாம் நாள் அதிலுள்ள படங்களைப் பார்த்தபோது, சாச்சியின் மகளின் கலியாணப் போட்டோக்கள் திறந்திருந்த வட்ஸ்அப் சாளரம் ஒன்று அகப்பட்டிருந்தது. முக்காடு இல்லாமல் வீட்டுக்குள் எடுத்த படங்கள். முன்பின் தெரியாத ஒருவரின் பார்வைக்கு அவை போயிருக்கும். ராத்தா அதை உடனே அழித்தார், பத்து நிமிடக் கூலி போனால் போகட்டும் என்றார். அன்றிலிருந்து வேலைக்கென்று தனிப் பயனர் கணக்கு வைத்திருக்கிறார். அதில் வட்ஸ்அப் இல்லை, குடும்பப் படம் ஒன்றும் இல்லை. பெற்றோர்கள் இதைக் கட்டாயம் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பேன்.

நேரம் பதியும் கருவிகளின் பிறப்பே வேலை கொடுப்பவர் பக்கம்தான். 1888இல் அமெரிக்காவின் ஓபர்ன் நகரத்து நகை வணிகர் வில்லர்ட் பண்டி தொழிலாளர் வரவைப் பதியும் மணிக்கூட்டைச் செய்தார். ஆளுக்கொரு இலக்கமிட்ட சாவி, அதைச் செருகித் திருப்பினால் வந்த நேரம் தாளில் பதியும். அந்தத் தொழில் கைமாறிக் கைமாறிச் சேர்ந்த நிறுவனம் 1924இல் ஐபிஎம் என்று பெயர் மாறியது. நமது மலைநாட்டுத் தோட்டங்களில் கொழுந்து நிறை குறைந்தால் "அரைப் பேர்" போடுவதும் வேலையை அளந்து எழுதும் இன்னொரு முறை. அங்கெல்லாம் பதிவேடு உழைப்பவரின் கையில் இருக்கவில்லை. ராத்தா தனக்காகப் போட்டுக்கொண்ட மென்பொருளில் பதிவு அவருடைய கணினிக்குள்ளேயே தங்குகிறது. உலாவியில் திறந்துதான் பார்க்கிறோம் என்றாலும் இணையத்துக்கு ஒன்றும் போவதில்லை. ரெஸ்கியூடைம் போன்றவை இணையத்திலுள்ள கணக்கில் வைப்பவை. தெரிவு செய்யும்போது விலையைப் பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள்.

மென்பொருளுக்குத் தெரியாதவையும் நிறைய உண்டு. ராத்தா இலச்சினைகளை முதலில் கொப்பியில் பென்சிலால் வரைவார். அது முழுவதும் "ஆள் இல்லை". நீண்ட அறிவுறுத்தலை அசையாமல் வாசித்தாலும் அதே கதி. நான் பரீட்சித்துப் பார்க்கவென்று கடந்த கால வினாத்தாள் ஒன்றைத் திரையில் திறந்துவைத்து மூன்று மணித்தியாலம் தாளில் விடை எழுதினேன். அது எனக்குக் கொடுத்தது 14 நிமிடம்! ஆகவே கையால் சேர்க்க வேண்டியதைச் சேர்க்கத்தான் வேண்டும். அதற்கு ராத்தா மேசையில் ஒரு கொப்பி வைத்து, வரையத் தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் அப்போதே எழுதுகிறார். பிறகு ஞாபகத்திலிருந்து எழுதினால் நமக்குச் சாதகமாகத்தான் எழுதுவோம். பிறர் பணத்துக்குக் கணக்குக் கொடுக்கும்போது அது அமானிதம்.

ஞாயிறு இரவுகளில் பதினைந்து நிமிடம் இருவரும் உட்கார்ந்து, வகைப்படுத்தாதவற்றுக்குப் பெயர் வைக்கிறோம். எனது பயனர் கணக்கிலும் இப்போது அதே மென்பொருள் ஓடுகிறது. போன வாரம் பாடக் குறிப்புகளில் 6 மணி 20 நிமிடம். மற்றது என்னவென்று ராத்தா கேட்டார். பதிவு என் கணக்குக்குள் இருக்கிறது, கடவுச்சொல்லும் என்னிடம்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.