வாக்கு இருந்தால்தான் வாய் இருக்கும்



பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் எந்த வேலையை முதலில் கையிலெடுக்க வேணும்? அமரர் சௌமியமூர்த்தி தொண்டமான் அவர்களின் அரசியல் வாழ்வை வைத்து இதைப் படிப்போம்.

1947 தேர்தலில் நுவரெலியாவில் வென்று பாராளுமன்றம் போனார். இலங்கை இந்தியன் காங்கிரசின் உறுப்பினர் ஏழு பேரில் அவரும் ஒருவர். அடுத்த வருஷமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தோட்டத்துச் சனத்தில் பெரும்பாலானோர் நாடற்றவர்களாகி, வாக்கையும் இழந்தார்கள். 1952இல் அக்கட்சிக்கு ஓர் ஆசனமும் இல்லை. வாக்கு போனால் ஆளும் போவார், பாருங்கோ.

1977இல்தான் திரும்ப மக்கள் வாக்கால் வென்றார். 1978இல் அமைச்சரானார். 1984 வேலைநிறுத்தத்தின் பின் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் கிடைத்தது. 1986 தைப்பொங்கலன்று பிரஜாவுரிமைக்காகப் பிரார்த்தனை இயக்கம் தொடங்கினார். அந்த வருஷமும் 1988இலும் சட்டங்கள் வந்தன. 1999இல் அவர் காலமானார். மிச்சப் பேருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வழி திறந்தது.

1958, 1977 கலவரங்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பங்கள் எங்கள் கண்டாவளைப் பக்கமும் உண்டு. காணி, வீதி, சம்பளம் எதைக் கேட்கவும் முதலில் வாக்கு வேணும்.

செய்ய வேண்டியது: வீட்டில் 18 வயதான எல்லோர் பெயரும் வாக்காளர் இடாப்பில் இருக்குதா எண்டு கிராம சேவகரிடம் கேட்டுப் பார்ப்போம்.