உள்ள நலமும் உயர்கல்விக் கழகமும்

மதுரை மாநகரின் மேற்கே காளவாசல் என்னும் பகுதி உளது. தென்பாண்டி நாட்டு மக்கள் செங்கற்சூளையைக் காளவாசல் என்றே வழங்குவர். இன்று அச்சந்தியில் காண்பன மேம்பாலமும் கடைகளும் ஓயாத பேருந்துகளுமே. அங்கிருந்து தேனிச் சாலையில் மேற்கு நோக்கிச் செல்வோர், 1966-ஆம் ஆண்டில் தோன்றிய பல்கலைக்கழகத்தை அடைவர். இப்போது அது மதுரை காமராசர் பல்கலைக்கழகம் எனப் பெயர் தாங்கி நிற்கின்றது.

காலை வேளையில் அச்சாலையில் செல்லும் பேருந்துகளில் மாணவர் பலர் நெருங்கி நிற்பர். தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியை மிதிப்போரும் அவருள் உண்டு. அவர் கையிலுள்ள நூல்கள் கண்ணுக்குத் தெரியும். உள்ளத்திலுள்ள சுமை தெரியாது. தந்தை வாங்கிய கடன், ஆங்கிலத்தில் நிகழும் விரிவுரை விளங்காமை, 'அரியர்' என மாணவர் வழங்கும் நிலுவைத் தாள்கள், விடுதித் தனிமை ஆகிய இவையெல்லாம் அச்சுமையில் அடங்கும். அதே பேருந்தில், அடுத்த ஆண்டு பணி நிலைக்குமோ என்னும் கவலையோடு தற்காலிக விரிவுரையாளர் ஒருவரும் நிற்கக்கூடும். அவர்தம் கவலையை வினவுவார் யார்?

உள்ளம் நோவுற்றவரை ஊரினின்று விலக்கி வைப்பதே பண்டை முறையாக இருந்தது. சென்னைக் கீழ்ப்பாக்கத்து மனநல மருத்துவமனையின் வரலாறு 1794-ஆம் ஆண்டில் தொடங்குகின்றது. அங்கு நலம் பெற்றோர் மிகப் பலர். எனினும் 'கீழ்ப்பாக்கம்' என்னும் ஊர்ப்பெயரே ஏளனச் சொல்லாகித் தமிழ்நாடெங்கும் பரவிற்று. விளையாட்டாகச் சொல்லும் அச்சொல், உதவி நாட எண்ணும் ஒருவனின் வாயை அடைத்துவிடும். 2022 டிசம்பரில் அந்த மருத்துவமனை வளாகத்திலேயே, அரசு மருத்துவக் கல்லூரிகளில் மனநல நல்லாதரவு மன்றங்களை அமைக்கும் 'மனம்' என்னும் திட்டம் தொடங்கப்பெற்றது.

கல்லூரியில் ஆலோசகர் ஒருவரை ஓர் அறையில் அமர்த்திவிட்டால் போதாதா எனச் சிலர் வினவுவர். சூளையை அறிந்தவர் அவ்வாறு வினவார். சூளையில் செங்கல் தனியே வேவதில்லை. கற்களைத் தீ ஊடுருவுமாறு இடைவெளி விட்டு அடுக்குதல் வேண்டும்; எரித்தபின் மெல்ல ஆறவிடுதல் வேண்டும். கற்கள் வெடித்துவிட்டால் தேர்ந்த சூளைக்காரன் அவற்றையே பழித்துக்கொண்டிரான். அடுக்கிய முறையையும் மூட்டிய தீயையும் ஆராய்வான். 2015-ஆம் ஆண்டில் கனடா நாட்டின் ஓகனகன் பகுதியில் கூடிய பல நாட்டு அறிஞரும் இத்தகைய கருத்தையே சாசனமாக வெளியிட்டனர். பல்கலைக்கழகத்தின் ஆட்சி, பாடத்திட்டம், வளாகம், பழக்கவழக்கம் ஆகிய அனைத்திலும் நலம் ஊடுருவி நிற்றல் வேண்டும் என்பது அதன் சாரம்.

இஃது ஏட்டளவில் நிற்கும் கொள்கை அன்று என்பதைத் தமிழ்நாட்டு நிகழ்ச்சி ஒன்று காட்டும். முன்னாளில் பள்ளி இறுதித் தேர்வில் ஒரு பாடத்தில் தவறியவரும் ஓராண்டை இழக்க நேர்ந்தது. முடிவுகள் வெளிவரும் நாள்களில் இளைஞர் சிலர் தம் உயிரையே மாய்த்துக்கொண்டனர். மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் சென்னையில் நிறுவிய சினேகா என்னும் அமைப்பு இக்கொடுமையை அரசுக்கு எடுத்துரைத்தது. பின்னர், தவறியோர் விரைவிலேயே துணைத்தேர்வு எழுதி, அவ்வாண்டே மேற்படிப்பில் சேர வழி பிறந்தது. தேர்வுத் தோல்வியால் நேர்ந்த சாவுகளும் குறைந்தன. இங்கு உயிர் காத்தது மருந்தன்று. தேர்வுக் கால அட்டவணையில் செய்த ஒரு மாற்றமே!

2025 சூலைத் திங்களில் இந்திய உச்ச நீதிமன்றம் கல்வி நிலையங்களுக்கு நெறிமுறைகள் பலவற்றை வகுத்தது. நூறு மாணவருக்குக் குறையாத நிலையங்களில் தகுதி வாய்ந்த ஆலோசகர் ஒருவரேனும் இருத்தல் வேண்டும். மதிப்பெண் கொண்டு மாணவரைப் பிரித்து வைத்தலும், பலர்முன் நாணச் செய்தலும் தவிர்க்கப்படல் வேண்டும் என்பன அவற்றுட் சில. ஆசிரியருக்கு மட்டுமன்றி ஏனைய பணியாளருக்கும் ஆண்டில் இருமுறையேனும் பயிற்சி அளிக்குமாறும் அது பணித்தது. இது மிகப் பொருத்தமான ஏற்பாடு. மூன்று நாளாக உணவுக்கூடத்திற்கு வாராத மாணவனை முதலில் அறிபவர் துணைவேந்தர் அல்லர். விடுதிச் சமையற்காரரே ஆவார். ஆனால், தாமே அயர்ந்து நொந்திருக்கும் பணியாளர் பிறர் வாட்டத்தை எங்ஙனம் காண்பார்? ஆதலின் அவர்தம் பணிச்சுமையும் ஓய்வும் மாணவர் நலத்தோடு பிரிக்கவொண்ணாதன.

வாடிய முகத்தோடு ஒதுங்கும் தோழனைக் கண்டவர், அவன் அருகமர்ந்து வெளிப்படையாக வினவலாம். இடைமறித்து அறிவுரை கூறாமல் கேட்கலாம். நம்பத்தக்க ஆசிரியரிடமோ ஆலோசகரிடமோ உடன் அழைத்துச் செல்லலாம். உயிருக்கு இடர் நேருமென ஐயுற்றால் அவனைத் தனியே விடலாகாது. 14416 என்னும் தொலைபேசி எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி மனநல ஆலோசனை கிடைக்கும். மாணவரேயன்றி ஆசிரியரும் பெற்றோரும் விடுதிப் பணியாளரும் அவ்வெண்ணை அழைக்கலாம்.