பாதையில் கிடப்பது விரியன் குட்டியா?

விடுமுறை நாளில் கப்பலூர்ப் பக்கமிருந்து சமணர் மலைக்கோ நாகமலைக்கோ நடக்கப் போகிறவர்கள், பாம்பு என்றாலே படமெடுத்து நிற்கும் நாகத்தைத்தான் நினைக்கிறார்கள். ஒரு சாண் நீளத்தில் சுருண்டு கிடப்பதைப் பார்த்தால் "குட்டிதானே" என்று குச்சியால் தட்டிப் பார்க்கிறார்கள். வேண்டாத வேலை.

கண்ணாடி விரியன் முட்டையிடாது, குட்டி போடும். ஒரே ஈற்றில் இருபது, முப்பதுகூட உண்டு. பிறந்த அன்றே விஷமும் பல்லும் தயார். முதுகில் மூன்று வரிசையாகச் சங்கிலி கோத்தது போல் கரும்பழுப்பு வட்டங்கள் தெரியும். மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்துக் கையில் எடுத்துவிடாதீர்கள். சுருட்டை விரியனோ வளர்ந்தாலே ஓரடி சொச்சம்தான். செதில்களை உரசிச் 'சர்ர்' என்று சத்தம் போட்டால், கிட்டே வராதே என்று அர்த்தம்.

நின்று, மெதுவாக நாலு எட்டு பின்வாங்கி, அது போக வழி விடுங்கள். செல்ஃபி வேண்டாம். பாறை இடுக்கில் பார்க்காமல் கை வைக்காதீர்கள். செருப்பைவிட ஷூ நல்லது.

கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எல்லாம் சினிமாவோடு போகட்டும். வீங்குவதற்குள் மோதிரம், கொலுசைக் கழற்றி, கடிபட்ட இடத்தை அசைக்காமல் வைத்து 108-ஐ அழையுங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை பக்கம்தான். பாம்பை அடித்து எடுத்துப்போக வேண்டாம்; நம் நாட்டு விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், இந்த இரண்டு விரியன்கள் என நான்குக்கும் பொதுவானது.